கட்ட முடியுமா என்று யாராவது கேட்டார்களா?

சொந்த ஊர் மதுரைப் பக்கம். விர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரத்தில், ஏழைகளுக்கு இலவசமாக வழக்காடும் ஓர் அலுவலகத்தில் 2012-லிருந்து வக்கீலாக இருக்கிறேன். இங்கே சட்டம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர், "அக்கா, சிவில் ரைட்ஸ் வேலைக்கு வரணும், எங்கே ஆரம்பிக்கிறது?" என்று கேட்பார்கள். கட்சிக்காரர் கொண்டுவரும் பையிலிருந்து ஆரம்பியுங்கள் என்பேன்.

நம்மூர் மஞ்சப்பைக்குப் பதில் இங்கே மளிகைக்கடை பிளாஸ்டிக் பை. உள்ளே போக்குவரத்து அபராதச் சீட்டு, நீதிமன்ற நோட்டீஸ், வசூல் கம்பெனிக் கடிதம், பிரிக்காத உறைகள் எல்லாம் கசங்கிக் கிடக்கும். "ஏன் பிரிக்கவில்லை?" என்று மட்டும் கேட்காதீர்கள். கடன் கடிதத்தைக் கண்டால் கை நடுங்காத மனிதர் எந்த ஊரிலும் இல்லை. எல்லாவற்றையும் மேஜையில் பரப்பித் தேதிவாரியாக அடுக்குங்கள். கதையை அப்புறம் கேட்கலாம்.

தேதி ஏன் முதலில்? அரசு அதிகாரி உரிமையைப் பறித்தால் நாம் பெரும்பாலும் நம்பியிருப்பது, அவர் மேல் வழக்குப் போட வழிதரும் மத்தியச் சட்டத்தின் 1983-ஆம் பிரிவு. பேர் 1983 என்றாலும் சட்டம் 1871-இல் வந்தது, கறுப்பினத்தவரைத் தாக்கிய கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலின் அட்டூழியத்தை அடக்க. அதில் காலக்கெடு எதுவும் எழுதியில்லை. அந்தந்த மாநிலத்தில் உடற்காய வழக்குக்கு என்ன கெடுவோ அதையே எடுத்துக்கொள்வார்கள். விர்ஜீனியாவில் 2 வருடம், பக்கத்து டென்னசியில் ஒரே வருடம். வேலையிடத்து இனப் பாகுபாடு என்றால் இன்னும் குறைவு: சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் 180 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும், மாநிலத்திலும் அப்படியோர் அமைப்பு இருந்தால் 300 நாள். கடைசி நாள் எது என்று கேஸ் கட்டின் மேல் சிவப்பு மையில் எழுதிவிட்டுத்தான் நான் காபி குடிக்கப் போவேன்.

சரி, இப்போது கதை. எல்லாவற்றையும் கேளுங்கள், ஆனால் ஒரு கேள்வியை விடாதீர்கள்: "உங்களால் இந்த அபராதத்தைக் கட்ட முடியுமா என்று ஜட்ஜ் கேட்டாரா?" பியர்டன் எதிர் ஜார்ஜியா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. கட்டவில்லை என்பதற்காக ஒருவரைச் சிறைக்கு அனுப்புமுன், அவர் கட்ட முடியாதவரா, கட்ட மனமில்லாதவரா என்று விசாரித்தாக வேண்டும். அந்தத் தீர்ப்பு வந்த வருடமும் 1983. தேர்வில் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

தீர்ப்பு வந்ததாலேயே யாரும் கேட்கத் தொடங்கிவிடவில்லை. மிசூரியின் ஃபெர்குசன் நகரத்தைப் பற்றி மத்திய அரசின் நீதி இலாகா 2015 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையைக் கட்டாயம் படியுங்கள். அதில் ஒரு பெண். 2007-இல் காரைத் தப்பான இடத்தில் நிறுத்தியதற்கு 151 டாலர் அபராதம், கூடவே கட்டணங்கள். 2014 முடிவதற்குள் அவர் 550 டாலர் கட்டியிருந்தார், 6 நாள் சிறையிலும் இருந்துவிட்டார். அப்படியும் பாக்கி 541 டாலர்! கந்துவட்டிக்காரனுக்குக்கூட இவ்வளவு துணிச்சல் வராது.

அதே அறிக்கையில் இன்னொரு கணக்கு. அந்த ஊரில் கறுப்பினத்தவர் 67 சதவீதம். போலீஸ் நிறுத்திய வாகனங்களில் அவர்கள் பங்கு 85, அபராதச் சீட்டில் 90, கைதில் 93. படித்ததும் "இனப் பாகுபாடு அப்பட்டமாகத் தெரிகிறதே, இதை வைத்தே வழக்குப் போடலாமே" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அரசியலமைப்பின் சமத்துவப் பிரிவின் கீழ், விளைவு ஏற்றத்தாழ்வாக இருக்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, உள்நோக்கத்தை நிரூபிக்க வேண்டும். 1976-இல் வாஷிங்டன் எதிர் டேவிஸ் வழக்கில் சொன்னது இது. உள்நோக்கத்தை யார் எழுதி வைப்பார்கள்? சில நேரம் எழுதியும் வைக்கிறார்கள். ஃபெர்குசன் அதிகாரிகளின் மின்னஞ்சல்களில் இனவெறி ஜோக்குகள் அகப்பட்டன. எல்லா ஊரிலும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. அதனால் எங்களில் பலர் பணத்தின் வழியாகவே உள்ளே நுழைகிறோம்: விசாரிக்காமல் தண்டித்தார்கள், பதில் சொல்ல வாய்ப்பே தரவில்லை. இனக் கணக்கை மனுவில் உண்மை விவரமாக வைப்பேன், அதன் மேல் முழு வழக்கையும் கட்டமாட்டேன். இது கோழைத்தனம் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு.

யார் மேல் வழக்கு? ஜட்ஜ் மேல் நஷ்டஈடு கேட்க முடியாது, முழுப் பாதுகாப்பு. போலீஸ்காரருக்கும் ஒரு கவசம் உண்டு. தான் செய்தது உரிமை மீறல் என்று ஏற்கெனவே திட்டமாகத் தீர்ப்பாகியிருந்தால் ஒழிய அவரை அசைக்க முடியாது. நகராட்சியைப் பிடிக்கலாம், ஆனால் ஒரு ஊழியரின் தவறு போதாது. அது நகராட்சியின் கொள்கை அல்லது வழக்கம் என்று காட்ட வேண்டும். மாநிலச் சட்டமே தப்பு என்றால், அதைச் செயல்படுத்தும் அதிகாரியின் பெயரில் தடை கேட்கலாம்.

எங்கள் மாநிலத்தில் அப்படித்தான் நடந்தது. அபராதம் பாக்கி இருந்தால் டிரைவிங் லைசென்ஸ் தானாகவே முடங்கும் சட்டம் இங்கே இருந்தது. கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாத ஊர்கள், வேலைக்குப் போகாமல் அபராதம் கட்ட முடியாத மக்கள். வாகனத் துறை ஆணையர் மேல் வழக்குப் போட்டு, 2018 டிசம்பரில் சார்லட்ஸ்வில் மத்திய நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கினார்கள். இறுதித் தீர்ப்புக்கு முன்பே, 2020-இல், சட்டமன்றம் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டது. ஜெயித்தாயிற்று என்றுதானே நினைப்பீர்கள்? இத்தகைய வழக்கில் வென்றவர் தன் வக்கீல் கட்டணத்தை எதிர்த்தரப்பிடம் கேட்கலாம். அப்படிக் கேட்டபோது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இடைக்காலத் தடை மட்டும் வாங்கியவர் 'வென்றவர்' ஆகமாட்டார் என்று 2025 பிப்ரவரியில் தீர்ப்பு, லாக்கி எதிர் ஸ்டின்னி. கட்டணத்தை நம்பி அலுவலகம் நடத்துபவர்கள் தலையில் இடி. சட்டம் இடமளிக்கும் வழக்குகளில், ஒரு டாலராவது நஷ்டஈடும் சேர்த்துக் கேளுங்கள். எதிர்த்தரப்பு நடுவில் சட்டத்தை மாற்றினாலும் வழக்கு அதோடு செத்துவிடாது.

வேலை தேடும்போதும் பணம் எங்கிருந்து வருகிறது என்று விசாரியுங்கள். மத்திய சட்ட உதவிக் கழகத்தின் நிதி வாங்கும் அலுவலகம் 1996-லிருந்து, ஒரே பாதிப்புள்ள பலருக்காகச் சேர்த்துப் போடும் கூட்டு வழக்கு எடுக்க முடியாது. உங்கள் கனவு அதுதான் என்றால் வேறு இடம் பாருங்கள். கல்விக் கடன் இருந்தால், பொதுச் சேவையில் இருந்துகொண்டு 120 மாதத் தவணை கட்டியபின் மிச்சத்தைத் தள்ளுபடி செய்யும் திட்டம் உண்டு. முதல் மாதமே பதிவைச் சரிபாருங்கள்.

என் முதல் வருடத் தவறு ஒன்று. முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்த்த ஒரு அம்மா, லைசென்ஸ் முடங்கி வந்திருந்தார். நான் அரசியலமைப்பு, முன்மாதிரி வழக்கு என்று அரைமணி நேரம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "திங்கட்கிழமை நான் வண்டி ஓட்டணும், தேன்மொழி. அதற்கு என்ன செய்யப் போகிறாய்?" என்றார். பதில் இல்லை. பக்கத்து அறை சீனியர் வந்து, நீதிமன்றத்தில் தவணைத் திட்டம் கேட்க ஒரே பக்க மனுவை எழுதிக் கொடுத்தார். அந்த அம்மாவுக்கு அன்று வேண்டியிருந்தது அந்த ஒரு பக்கம்தான்.

இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள் ஒரு காலை வேளையில் போக்குவரத்து வழக்குகள் நடக்கும் கோர்ட்டில் கடைசி பெஞ்சில் போய் உட்காருங்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், திறந்த கோர்ட். நோட்டில் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு வழக்கும் எத்தனை நிமிடம், வக்கீல் இருந்தாரா, பார்வைக்கு எந்த இனம், எவ்வளவு அபராதம், கட்ட முடியுமா என்ற கேள்வி வந்ததா. இங்கே பல கோர்ட்டுகளில் செல்போனை வாசலிலேயே தடுத்துவிடுவார்கள், அதனால் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு போங்கள். பேனா இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.