கப்பாஃபைகஸ் பாசியில் வெள்ளை விழுந்தால்: ஐஸ்-ஐஸ் நோயைக் கண்டுபிடித்து நிறுத்துவது எப்படி?

கப்பாஃபைகஸ் என்பது காராஜீனன் என்ற கூழ்ப்பொருளுக்காகக் கடலில் மிதவை கட்டி வளர்க்கும் பாசி. மண்டபம், பாம்பன் பக்கம் வழக்கமான கணக்கு இதுதான்: 12 அடிச் சதுர மூங்கில் மிதவை, 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் விதைப்பாசி. ஆக 60 கிலோ விதை, 45 நாளில் அறுவடை. அதற்குள் வெள்ளை விழுந்தால் செய்ய வேண்டியவை:

1. நோய்தானா என்று பாருங்கள். பலரும் தடுமாறுவது இங்கேதான். நுனி மட்டும் கடிபட்டு, வெட்டுவாயில் நிறம் மாறாமல் இருந்தால் அது ஓரா மீனின் வேலை. மிதவையின் அடிவலையில் கிழிசல் தேடுங்கள். கரும்புள்ளி விழுந்து, அதிலிருந்து மயிர்போல் முளைத்தால் ஒட்டுப்பாசி. கிளையின் நடுவே வளையமாக வெளுத்து, விரலால் அழுத்தினால் கொழகொழவென்று அமுங்கி, அந்த இடத்திலேயே ஒடிந்தால்தான் ஐஸ்-ஐஸ்.

2. பிற்பகல் 2 மணிக்கு, பாசி தொங்கும் ஆழத்திலேயே வெப்பம் பாருங்கள். காலை அளவு ஏமாற்றும். விப்ரியோ போன்ற பாக்டீரியாக்கள் நல்ல பாசியின் மேலும் உண்டு. பாசி சோர்ந்தால்தான் உள்ளே புகுந்து திசுவைக் கரைக்கும். நீர் 33 டிகிரியைத் தாண்டுவதும், உப்பு ஆயிரத்துக்கு 20-க்கு இறங்குவதும் அந்தச் சோர்வைத் தரும். உப்பு பார்க்க, ஒரு சொட்டு நீரை வைத்துக் கண்ணால் பார்க்கும் ரெஃப்ராக்டோமீட்டரே நல்லது. அலையில் ஆடும் படகில், நீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் உப்புமானியைப் படிக்க முடியாது.

3. வெளுத்த இடத்துக்கு இரண்டு விரல் தள்ளி, நல்ல பகுதியில் கூரான கத்தியால் வெட்டுங்கள். கையால் பிய்த்தால் காயம் பெரிதாகி, கிருமி புக வழியாகும்.

4. வெட்டிய துண்டைக் கடலில் போடவே போடாதீர்கள். கிருமி அடுத்த மிதவைக்குப் போகும். அதைவிட மோசம், இது வெளிநாட்டிலிருந்து வந்த பாசி, துண்டு விழுந்த இடத்தில் பரவிவிடும். மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் பவளத்தின் மேல் படர்ந்தது 2008-லேயே பதிவானது. சாக்கில் கட்டிக் கரைக்குக் கொண்டுவாருங்கள்.

5. மிதவையை நீரோட்டமும் ஆழமும் உள்ள இடத்துக்கு மாற்றுங்கள். பழைய கயிற்றை வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே மறுபடி கட்டுங்கள்.

நன்னீரில் அலசினால் சரியாகுமா என்று பலர் கேட்கிறார்கள். ஆகாது. உப்புக் குறைவே நோய்க்கு வழி. ஓடும் கடலில் மருந்து கலப்பதும் வீண்.

பிற்சேர்க்கை: வெள்ளை விழுந்ததை விற்கலாமா என்றும் கேட்டிருந்தார்கள். அதில் காராஜீனன் குறையும், கூழின் உறுதியும் போகும். நல்ல பாசியோடு கலந்து காயவைத்தால் மொத்தச் சரக்கின் தரமும் இறங்கும், தனியாகக் காயவையுங்கள். பாதிக் கயிறுகளுக்கு மேல் வெளுத்துவிட்டால் 45 நாளுக்குக் காத்திருக்காமல் அறுத்துவிடுங்கள். அடுத்த நடவுக்கான விதையை அந்த மிதவையிலிருந்து எடுக்க வேண்டாம்.