வெளிநாட்டு வேலை கிடைத்துவிட்டது, சரி: எந்த அனுமதியில் போகிறீர்கள்?

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தவுடன் பெரும்பாலானவர்கள் கேட்பது "எத்தனை வாரத்தில் விசா வரும்?" என்பதுதான். அது தேவையில்லாத கேள்வி என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை வேறு. இந்த வேலை நடுவில் போய்விட்டால் அந்த நாட்டில் எத்தனை நாள் இருக்கலாம், கம்பெனி மாறினால் என்ன ஆகும், அங்கே கழிக்கும் வருடங்கள் நிரந்தரக் குடியிருப்புக்கு (பி.ஆர்) கணக்கில் சேருமா, கூட வருபவர் வேலை பார்க்கலாமா? ஒரே அலுவலகத்தில், ஒரே சம்பளத்தில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இருவரில் ஒருவருக்கு இரண்டு வருடத்தில் பி.ஆர் கிடைப்பதும், இன்னொருவர் மூன்று வருடம் முடிந்ததும் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டியிருப்பதும் நடக்கிற விஷயம்தான். இருவரும் வந்த அனுமதி வேறு, அவ்வளவுதான்.

முதல் தவறு, எந்த அனுமதி என்ற முடிவை முழுசாக ஹெச்.ஆர் கையில் விட்டுவிடுவது. அவர்கள் உங்களுக்குக் கெடுதல் நினைப்பவர்கள் இல்லை. ஆனால் கம்பெனிக்கு எது சீக்கிரம் முடியும், எதில் காகித வேலை குறைவு என்பதுதான் அவர்கள் கணக்கு. குறிப்பாக ஒரே நிறுவனத்தின் ஒரு கிளையிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளைக்கு மாற்றலாகிப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிறுவனத்துக்குள் மாற்றலுக்கான ஐசிடி அனுமதியில் மேலாளரும் நிபுணரும் அதிகபட்சம் 3 வருடம்தான் இருக்கலாம், பயிற்சிக்கு வருபவர் 1 வருடம். பிரிட்டனில் 'குளோபல் பிசினஸ் மொபிலிட்டி' பிரிவில் வரும் சீனியர் ஆர் ஸ்பெஷலிஸ்ட் வொர்க்கர் விசாவும் நிரந்தரக் குடியிருப்புக்கு வழிவிடாது. அதே வேலைக்கு, அதே கம்பெனி, ஸ்கில்டு வொர்க்கர் விசா எடுத்துக் கொடுத்தால் அதற்கு வழி இருக்கிறது. "எனக்கு எந்த விசாவுக்கு ஸ்பான்சர் செய்கிறீர்கள், ஏன் அது?" என்று ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்பதில் தப்பே இல்லை, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டால் பதிலும் ஒழுங்காக வரும்.

அதற்காக மாற்றல் விசா என்றாலே மோசம் என்று முடிவு கட்டவும் வேண்டாம். அமெரிக்காவின் எல்-1 விசாவில் இருந்துகொண்டு வேறு கம்பெனிக்குத் தாவ முடியாது, எல்-1பி (சிறப்பறிவு உள்ள பணியாளர்) என்றால் 5 வருடம், எல்-1ஏ (மேலாளர், நிர்வாகி) என்றால் 7 வருடம் என்ற உச்சவரம்பும் உண்டு. ஆனால் எல்-1இல் போகிறவரின் துணைவர் தனியாக வேலை அனுமதி வாங்காமலே வேலை பார்க்கலாம். அமெரிக்காவின் சிறப்புத் திறன் வேலை விசாவான ஹெச்-1பி-யில் போகிறவரின் துணைவருக்கோ, கிரீன் கார்டு நடைமுறை ஒரு கட்டத்தைத் தாண்டினால்தான் அந்த வாய்ப்பு. இருவர் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

இரண்டாவது தவறுதான் என் கணக்கில் அதிக நஷ்டம் தருவது. தகுதி இருந்தும் கீழே உள்ள அனுமதியோடு திருப்திப்பட்டுவிடுவது. ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டம் படித்தவருக்கு அங்கே சாதாரணத் திறன் பணியாளர் அனுமதியும் உண்டு, உயர்திறன் பணியாளர்களுக்கான ஐரோப்பிய ஒன்றிய ப்ளூ கார்டும் உண்டு. ப்ளூ கார்டில் இருப்பவர் ஏ1 (ஆரம்பநிலை) அளவு ஜெர்மன் தெரிந்தால் 27 மாதத்தில், பி1 (இடைநிலை) அளவு தெரிந்தால் 21 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம் (ஓய்வூதியக் காப்பீடு உட்பட மற்ற நிபந்தனைகளும் உண்டு). சாதாரண அனுமதியில் அது 3 வருடம், அதற்கும் பி1 மொழி வேண்டும். அயர்லாந்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. ஆள் பற்றாக்குறை உள்ள திறன்களுக்கான கிரிட்டிகல் ஸ்கில்ஸ் அனுமதியில் போனவர் ஏறக்குறைய 2 வருடத்தில் ஸ்டாம்ப் 4 வாங்கி, அப்புறம் தனி வேலை அனுமதி இல்லாமலே வேலை பார்க்கலாம், ஜெனரல் அனுமதியில் போனவர் அதற்கு 5 வருடம் காத்திருக்க வேண்டும்.

இங்கேதான் சம்பள எல்லைக்கோடு வருகிறது. ஜெர்மன் ப்ளூ கார்டுக்கு 2025இல் ஆண்டுச் சம்பளம் குறைந்தது 48,300 யூரோ, ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கும் சமீபத்தில் பட்டம் முடித்தவர்களுக்கும் 43,759.80 யூரோ. இந்தத் தொகை ஒவ்வொரு ஜனவரியும் மாறும். உங்கள் ஆஃபர் இந்தக் கோட்டுக்குச் சில நூறு யூரோ கீழே நின்றால், பேரம் பேச வேண்டிய இடம் அதுதான். கூடுதல் விடுப்பு நாள், புது லேப்டாப் என்றெல்லாம் கேட்டுப் பேச்சை வீணாக்க வேண்டாம். அந்தச் சில நூறு யூரோவுக்குக் கம்பெனி பெரிதாக யோசிக்காது, உங்களுக்கு அது மாதக்கணக்கில் காத்திருப்பைக் குறைக்கும்.

எல்லைக்கோட்டில் எது சம்பளம் என்பதிலும் ஏமாறுகிறவர்கள் உண்டு. நெதர்லாந்தின் உயர்திறன் பணியாளர் அனுமதிக்கு 2025இல் 30 வயதும் அதற்கு மேலும் என்றால் மாதம் 5,688 யூரோ, 30க்குக் கீழே என்றால் 4,171 யூரோ. இதில் 8 சதவீத விடுமுறைப் படி சேராது. மொத்த வருடச் சம்பளத்தை 12ஆல் வகுத்துப் பார்த்துவிட்டு "போதும்" என்று உட்கார்ந்திருந்தால், கடைசி நேரத்தில் தலைவலி. பிரிட்டனிலும் உத்தரவாதமான அடிப்படைச் சம்பளம்தான் கணக்கு, போனஸைக் காட்டி எல்லையைத் தொட முடியாது. இன்னொன்று, நெதர்லாந்தின் இந்த அனுமதிக்கு அரசு அங்கீகரித்த ஸ்பான்சர் பட்டியலில் கம்பெனி பெயர் இருக்க வேண்டும். பட்டியல் பொதுவெளியில் இருக்கிறது, தேடிப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

வேலை போனால் என்ன ஆகும் என்பதைப் போகும்போது யாரும் யோசிப்பதில்லை, யோசிக்கப் பிடிப்பதும் இல்லை. அமெரிக்காவில் ஹெச்-1பி-யில் வேலை போனால் அதிகபட்சம் 60 நாள். பிரிட்டனில் ஸ்பான்சர் கைவிட்டால் விசாவைப் பொதுவாக 60 நாளாகச் சுருக்கிவிடுவார்கள். நெதர்லாந்தில் புது வேலை தேட 3 மாதம். ஐரோப்பிய ஒன்றியத்தின் திருத்தப்பட்ட ப்ளூ கார்டு விதிப்படி, கார்டு வாங்கி 2 வருடம் ஆகாதவருக்கு 3 மாதம், ஆனவருக்கு 6 மாதம். ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலையிலிருந்து ஸ்பான்சர் விசாக்காரர்களுக்கு ஒரே தடவையில் 180 நாள் வரை. வீட்டு வாடகை ஒப்பந்தம், குழந்தையின் பள்ளி என்று எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது 60 நாளுக்கும் 180 நாளுக்கும் எவ்வளவு தூரம் என்று சொல்ல வேண்டியதில்லை. கையில் இரண்டு நாட்டு ஆஃபர் இருந்தால் இதையும் சம்பளத்துக்குப் பக்கத்தில் எழுதி வைத்து ஒப்பிடுங்கள்.

நாமாகவே கம்பெனி மாறுவதற்கும் விதி உண்டு. ஜெர்மன் ப்ளூ கார்டில் முதல் 12 மாதத்துக்குள் மாறினால் வெளிநாட்டினர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், நிபந்தனைகள் பொருந்தவில்லை என்றால் அவர்கள் தடுக்கலாம். "சும்மா மாறிவிட்டேன், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்" என்பது அங்கே எடுபடாது.

படிப்பு அங்கீகாரத்தைக் கடைசியில் பார்ப்பது இன்னொரு வழக்கமான தவறு. ஜெர்மனிக்கு என்றால் வெளிநாட்டுப் படிப்புகளைப் பட்டியலிடும் அனபின் என்ற தரவுத்தளத்தில் உங்கள் பல்கலைக்கழகம் ஹெச் பிளஸ் (அங்கீகரிக்கப்பட்டது) தகுதியில் இருக்கிறதா, உங்கள் பட்டமும் அங்கே இருக்கிறதா என்று இரண்டையும் பார்க்க வேண்டும், பல்கலைக்கழகத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அந்தத் தரவுத்தளத்தில் உங்கள் பட்டம் இல்லாவிட்டால் அதற்கென்று ஒரு மதிப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும், அதற்கு நாளாகும். பட்டமே இல்லாத ஐடி ஆட்களுக்கும் ப்ளூ கார்டு வழி உண்டு: கடைசி 7 வருடத்தில் 3 வருட அனுபவம், சம்பளம் குறைந்த எல்லையையாவது தொட வேண்டும். மருத்துவர், செவிலியர் மாதிரி உரிமம் தேவைப்படும் தொழில் என்றால் உரிமத்தின் பாதை வேறு, அதை முதலில் தொடங்காமல் அனுமதியைப் பற்றி யோசிப்பதில் பயனில்லை.

இதோடு ஒட்டி வருவது பதவிப் பெயர் விவகாரம். அனுபவச் சான்றிதழில் 'மேனேஜர்' என்று இருப்பது பெருமைதான், ஆனால் கனடாவோ ஆஸ்திரேலியாவோ பிரிட்டனோ, விண்ணப்பத்தில் உங்கள் வேலைக்குப் போடும் தொழில் குறியீட்டைத் தீர்மானிப்பது நீங்கள் செய்த வேலையின் விவரம். நாள் முழுக்க நிரல் எழுதியவர் மேலாளர் குறியீட்டில் விண்ணப்பித்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். பழைய கம்பெனியிடம் சான்றிதழ் கேட்கும்போதே செய்த பணிகளை வரி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

துணைவர் விஷயத்தில் சிங்கப்பூரை மறந்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். அங்கே வேலை பார்ப்பதற்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ் வாங்கினால் குடும்பம் தானாக வரும் என்று நினைக்கிறார்கள். குடும்பத்தினருக்கான டிபெண்டன்ட் பாஸுக்கு உங்கள் மாதச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் டாலர் வேண்டும், அந்தப் பாஸில் வருபவர் ஒரு கம்பெனியில் வேலை பார்க்க வேண்டுமென்றால் பொதுவாகத் தனக்கென்று ஒரு வேலை அனுமதி வாங்க வேண்டும். நெதர்லாந்தின் உயர்திறன் பணியாளர் துணைவருக்கு இந்தக் கவலையே இல்லை.

பெயரைப் பார்த்து மயங்குவதும் நடக்கிறது. எஸ்டோனியா 2014இல் தொடங்கிய இ-ரெசிடென்சி ஒரு டிஜிட்டல் அடையாளம் மட்டுமே, அதை வைத்துக்கொண்டு அங்கே குடியேற முடியாது. ஜெர்மனியின் சான்சன்கார்ட்டே வேலை தேடுவதற்கானது, அதில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பகுதிநேர வேலை பார்க்கலாம், ஆஃபர் கையில் இருப்பவருக்கு அது வேண்டவே வேண்டாம். அமீரகத்தின் கோல்டன் விசா திறன் பணியாளர்களுக்கு 10 வருடம், எந்த முதலாளியோடும் கட்டிப் போடாது, ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தாலும் காலாவதியாகாது. நல்ல விசாதான். ஆனால் 10 வருடம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும், நிரந்தரக் குடியிருப்பாக அது தானாக மாறாது.

வெளியே தங்கும் நாட்களையும் எண்ணிக்கொண்டே இருங்கள். பிரிட்டனில் நிரந்தரக் குடியிருப்பு கேட்கும்போது எந்த 12 மாதத்திலும் 180 நாளுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்திருக்கக் கூடாது. பாஸ்போர்ட் முத்திரையை நம்பாமல் ஒரு எக்செல் தாளில் தேதி போட்டு வையுங்கள்.

கடைசியாக, பழைய தகவல். கனடாவில் புள்ளி போட்டு நிரந்தரக் குடியிருப்புக்கு ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலை ஆஃபருக்குக் கிடைத்துவந்த கூடுதல் புள்ளிகள் 2025 மார்ச் 25இல் நீக்கப்பட்டன, அந்தப் புள்ளிகளுக்காகவே ஆஃபர் வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்டவர்களை நம்பியவர்கள் பாவம். பிரிட்டனின் ஸ்கில்டு வொர்க்கர் சம்பள எல்லை 2024 ஏப்ரலில் 38,700 பவுண்டு, 2025 ஜூலையில் 41,700 பவுண்டு. நண்பர் போன வருடம் போனார் என்பது உங்களுக்கு ஆதாரம் ஆகாது, ஏஜென்ட் அனுப்பும் பிடிஎஃப்பும் ஆகாது. விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் சொந்த இணையதளத்தைத் திறந்து, தொகையையும் தேதியையும் நீங்களே படியுங்கள். அப்படியே பாஸ்போர்ட்டின் காலாவதித் தேதியையும் பாருங்கள்: கனடா உட்படப் பல நாடுகள் பாஸ்போர்ட் முடியும் தேதியைத் தாண்டி அனுமதி தருவதில்லை, ஒன்றரை வருடமே மிச்சமிருக்கும் பாஸ்போர்ட்டோடு மூன்று வருட அனுமதி கேட்டால் கையில் வருவது ஒன்றரை வருடம்தான்.