கடந்த கல்வியாண்டை எடைபோடும்போது மாணவர்கள் செய்யும் தவறுகள்

இரண்டாம் ஆண்டின் கடைசித் தேர்வை எழுதி முடித்த அன்று இரவு, அந்த ஆண்டு எப்படிப் போனது என்பதை நினைவிலிருந்து ஒரு பக்கத்துக்கு எழுதி வைத்தேன். முதல் பருவம் நன்றாகப் போனது, இரண்டாம் பருவம் முழுவதும் புள்ளியியல் தாளோடு மல்லுக்கட்டியதிலேயே கழிந்தது, வேறெதற்கும் நேரம் கிடைக்கவில்லை என்பதே அதன் சாரம். பத்து நாள் கழித்து, மதிப்பெண் பட்டியல், கைப்பேசி நாட்காட்டி, மின்னஞ்சல்கள், ஒப்படைப்புகளைச் சமர்ப்பித்த தேதிகள் ஆகியவற்றை வைத்து அந்தப் பக்கத்தைச் சரிபார்த்தபோது வரிக்கு வரி கணக்கு உதைத்தது. புள்ளியியலோடு நான் மல்லுக்கட்டியது கடைசி மூன்று வாரங்கள் மட்டுமே. அதற்கு முந்தைய பதினொரு வாரங்களில் அந்தப் பாடத்தின் குறிப்பேட்டில் நான் நிரப்பியிருந்தது நான்கு பக்கம். "நன்றாகப் போன" முதல் பருவத்திலோ இரண்டு ஒப்படைப்புகளைக் கெடு தாண்டிக் கொடுத்திருந்தேன். அவை அடியோடு மறந்துபோயிருந்தன.

ஆண்டு முடிவில் திரும்பிப் பார்ப்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன: நினைவை ஆவணமாக எடுத்துக்கொள்வது. 1932இல் பிரெடெரிக் பார்ட்லெட் என்ற பிரித்தானிய உளவியலாளர், நினைவுகூர்தல் என்பது சேமித்து வைத்ததை அப்படியே வெளியே எடுப்பதன்று, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டியெழுப்புவது என்று விளக்கினார். மாணவர்களுக்கு இன்னும் நெருக்கமான சான்று 1996இல் வெளிவந்தது. ஹாரி பாரிக்கும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 99 கல்லூரி மாணவர்களிடம் அவர்கள் பள்ளியில் பெற்ற தரங்களைக் கேட்டு, 3,220 தரங்களைப் பள்ளி ஆவணங்களோடு ஒப்பிட்டார்கள். ஏ தரங்களில் 89 விழுக்காடு சரியாக நினைவிருந்தது. டி தரங்களில் 29 விழுக்காடுதான். பிழையாக நினைவிருந்தவற்றில் பெரும்பாலானவை உண்மையான தரத்தைவிட உயர்ந்ததாகவே நினைவிருந்தன. மதிப்பெண் என்பது எழுத்தில் பதிவாகும், ஐயத்துக்கு இடமில்லாத ஒரு செய்தி. அதுவே இப்படி மாறிப்போகுமானால், "எவ்வளவு நேரம் படித்தேன்", "யார் எனக்கு உதவினார்கள்", "எப்போது மனம் விட்டுப்போனது" போன்றவற்றில் நினைவு எவ்வளவு தன்னிச்சையாக நடந்துகொண்டிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆகவே எழுதத் தொடங்குவதற்கு முன் காகிதங்களைத் திரட்டுவது நல்லது. பலரும் நாட்குறிப்பு எழுதுவதில்லை என்பதால் தம்மிடம் சான்று எதுவும் இல்லை என்று எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் ஒரு மாணவர் ஓராண்டில் விட்டுச்செல்லும் தடயங்கள் ஏராளம்: கோப்புகள் கடைசியாகத் திருத்தப்பட்ட தேதிகள், நூலகத்தில் எடுத்த புத்தகங்களின் பட்டியல், வருகைப்பதிவு, திருத்தித் தரப்பட்ட விடைத்தாள்களின் ஓரக்குறிப்புகள், புகைப்படங்களின் நேரமுத்திரைகள். இவற்றில் நான் மிகவும் மதிப்பது ஓரக்குறிப்புகளைத்தான். மதிப்பெண்ணைப் பார்த்ததும் தாளை மடித்து வைத்துவிடுகிறோம். "கேள்வியை முழுதாகப் படிக்கவும்" என்று மூன்று வெவ்வேறு ஆசிரியர்கள் மூன்று தாள்களில் எழுதியிருப்பது ஆண்டு முடிவில் அவற்றை ஒருசேரப் பரப்பி வைத்தால்தான் கண்ணில் படுகிறது. தடயங்களுக்கும் எல்லை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். வகுப்பில் உட்கார்ந்திருந்ததை வருகைப்பதிவு காட்டும், புரிந்துகொண்டதைக் காட்டாது.

இரண்டாவது தவறு, கடைசி மாதத்தின் நிறத்தை ஆண்டு முழுவதற்கும் பூசிவிடுவது. டேனியல் கானமனும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பங்கேற்றவர்கள் 14 பாகை செல்சியஸ் குளிர்நீரில் ஒரு கையை 60 விநாடிகள் வைத்திருந்தார்கள். இன்னொரு முறை மறு கையை அதே 60 விநாடிகளோடு மேலும் 30 விநாடிகள் வைத்திருந்தார்கள், அந்தக் கூடுதல் நேரத்தில் நீர் மெல்ல 15 பாகைக்கு வந்தது. எதைத் திரும்பச் செய்யச் சம்மதம் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள். மொத்த வலி அதில்தான் அதிகம். முடிவு மட்டும் சற்று இதமாக இருந்தது. ஓர் அனுபவத்தை அதன் உச்சத்தையும் முடிவையும் வைத்தே நினைவு மதிப்பிடுகிறது, அது எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை என்பது இந்த வகை ஆய்வுகள் காட்டும் செய்தி. கல்வியாண்டின் அமைப்பே இந்தப் பிழைக்குத் தோதாக இருக்கிறது. ஆண்டு எப்போதும் தேர்வில் முடிகிறது. தேர்வுக் காலத்தின் தூக்கமின்மையும் பதற்றமும் கலையாத மனத்தோடு உட்கார்ந்து எழுதினால், ஆசையோடு படித்த ஒரு பாடமும், புதிதாகக் கிடைத்த ஒரு நட்பும், தயக்கத்தை விட்டு வகுப்பில் முதன்முறை எழுந்து கேட்ட கேள்வியும் ஒரு வரிக்குக்கூடத் தேறாமல் போய்விடும். முடிவுகள் வெளியாகும் நாளில் எழுதுவது இதைவிட மோசம். மதிப்பீட்டை மாதவாரியாகப் பிரித்து, முதல் மாதத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு நிகழ்வுகளையாவது தேடிப்பிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் இந்தச் சாய்வு ஓரளவு குறைகிறது.

"அப்போதே எனக்குத் தெரியும்" என்ற வாக்கியம் எழுதிக்கொண்டிருக்கும் பக்கத்தில் தலைகாட்டினால் அங்கே பேனாவை நிறுத்தலாம். 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் செல்லவிருந்தபோது, அந்தப் பயணங்களில் என்னென்ன நடக்க வாய்ப்புண்டு என்று பரூக் பிஷ்ஹாஃபும் ரூத் பேத்தும் மாணவர்களைக் கணிக்கச் சொன்னார்கள். பயணங்கள் முடிந்த பிறகு, நீங்கள் முன்பு தந்த கணிப்பு என்ன என்று அதே மாணவர்களிடம் கேட்டபோது, நடந்துவிட்டதாகத் தாங்கள் அறிந்தவற்றுக்கு முன்பே கூடுதல் வாய்ப்பு அளித்திருந்ததாக அவர்கள் நினைவுகூர்ந்தார்கள். 1975இல் வெளியான இந்த ஆய்வு காட்டும் சறுக்கல் மாணவர் வாழ்வில் தன்னைத்தானே குற்றம்சாட்டுவதாக வடிவெடுக்கிறது. ஒரு விருப்பப்பாடத்தைத் தேர்ந்தெடுத்து அது சரிவராமல் போனவர், "இது ஒத்துவராது என்று தெரிந்தும் எடுத்தேன்" என்று எழுதுகிறார். தெரிந்திருந்தால் எடுத்திருக்க மாட்டார். அன்று கையில் இருந்த தகவல் என்ன, பாடத்திட்டத்தைப் படித்தாரா, முந்தைய ஆண்டு மாணவர் ஒருவரையாவது கேட்டாரா என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள். விளைவு மோசமானதால் முடிவும் மோசமானதாகிவிடாது. அதேபோல, படிக்காமல் போய் எழுதிய தேர்வில் தப்பித்துக்கொண்டதால் அந்த முடிவு நல்லதாகிவிடாது. பின்னதை யாரும் எழுதி வைப்பதில்லை.

காரணம் கற்பிப்பதில் நேரும் தவறுகள் இவற்றைவிட நுட்பமானவை, விளைவில் கொடியவை. முதல் அகமதிப்பீட்டில் வழக்கத்துக்கு மாறாக மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கியவர் அடுத்ததில் ஓரளவு மேலே வருவது இயல்பு, ஏனெனில் அந்தத் தாழ்வில் அன்றைய உடல்நிலைக்கும் கேள்விகள் அமைந்த விதத்துக்கும் பங்கிருந்திருக்கும். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் பொதுவாகப் பெற்றோர் அளவுக்கு உயர்வதில்லை என்று 1886இல் பிரான்சிஸ் கால்டன் காட்டிய சராசரிக்குத் திரும்பும் போக்கு இங்கேயும் வேலை செய்கிறது. ஆனால் இடைப்பட்ட நாட்களில் அந்த மாணவர் புதிதாகச் செய்த ஏதோ ஒன்றுக்கு, அது அதிகாலை எழுந்ததோ வண்ணப் பேனாவால் கோடிட்டதோ, முழுப் பெருமையும் போய்ச் சேர்கிறது. அடுத்த ஆண்டு முழுவதும் அவர் வண்ணப் பேனாவை நம்பியிருப்பார்.

இதே போன்ற ஒரு மயக்கம் திரும்பத் திரும்பப் படிப்பதைப் பற்றியும் உண்டு. ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனைகளில், ஒரு பத்தியை மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து அதில் 81 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள். படித்ததைப் பாராமல் எழுதிப் பார்த்தவர்கள் 75 விழுக்காடு. ஒரு வாரம் கழிந்தபோது நிலைமை தலைகீழாகி, மறுபடி படித்தவர்களிடம் 42 விழுக்காடும் எழுதிப் பார்த்தவர்களிடம் 56 விழுக்காடும் எஞ்சியிருந்தன. மறுபடி படிப்பது தரும் பழகிய உணர்வு, "நன்றாகப் படித்தேன், ஆனாலும் வரவில்லை" என்ற முடிவுக்கு ஆளைக் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து "எனக்கு இந்தப் பாடம் ஏறாது" என்பது ஓர் அடி தூரம். திறமையைப் பற்றித் தீர்ப்பு எழுதுவதற்கு முன் முறையைப் பற்றி விசாரிப்பது நியாயம்.

ஒப்பீட்டைப் பற்றி நிறையப் பேசப்பட்டுவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். புறவயமான அளவுகோல் கிடைக்காதபோது மனிதர்கள் மற்றவர்களோடு தம்மை ஒப்பிட்டே தம்மை அளக்கிறார்கள் என்று லியோன் பெஸ்டிங்கர் 1954இல் எழுதினார். அதை யாராலும் நிறுத்திவிட முடியாது. ஒருவரிடமிருந்து மதிப்பெண்ணையும், இன்னொருவரிடமிருந்து பயிற்சி வேலை அனுபவத்தையும், மூன்றாமவரிடமிருந்து நண்பர் கூட்டத்தையும் பொறுக்கியெடுத்து, எங்கும் வாழாத ஓர் ஆளை உருவாக்கி அவரோடு ஒப்பிடுவதைத்தான் தவிர்க்க முடியும்.

கணக்குப் போடாமல் கவலைப்படுவதும் ஒரு தவறு. எட்டுப் பருவங்கள் கொண்ட படிப்பில் எல்லாவற்றுக்கும் சம எடை இருப்பதாகக் கொண்டால், முதல் இரண்டு பருவங்களில் பத்துக்கு 6.5 வாங்கியவர் முடிவில் 7.5 பெற, மீதி ஆறில் ஏறத்தாழ 7.83 சராசரி வேண்டும். கடினம், ஆனால் எட்டாததன்று. அதே 6.5 ஆறு பருவங்கள் வரை தொடர்ந்தால், கடைசி இரண்டில் 10.5 தேவைப்படும், அப்படியொரு மதிப்பெண்ணே கிடையாது. ஒரு மோசமான ஆண்டு எவ்வளவு தூரம் இழுக்கும், எப்போது கைமீறும் என்பதை இப்படி ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். பாடங்களின் எடை வேறுபட்டால் பெருக்கல் மட்டும் கூடும்.

பின்னோக்கிய மதிப்பீடு பெரும்பாலும் அடுத்த ஆண்டுக்கான தீர்மானங்களில் போய் முடிகிறது, கடைசித் தவறு அங்கேதான் காத்திருக்கிறது. புயூலர், கிரிஃபின், ராஸ் ஆகியோர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், இளநிலை ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று உளவியல் மாணவர்களைக் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே தப்பாய்ப் போனாலும் 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். தாம் சொன்ன கெடுவுக்குள் முடித்தவர்கள் பத்தில் மூவர். முந்தைய வேலைகள் எவ்வளவு காலம் பிடித்தன என்பதை மறந்து, முன்னால் இருக்கும் வேலையின் படிகளை மட்டும் மனத்தில் ஓட்டிப் பார்ப்பதால் இது நேர்கிறது என்பது அவர்களின் விளக்கம். கடந்த ஆண்டைத் திரும்பிப் பார்ப்பதன் நடைமுறைப் பயன் இந்த இடத்தில்தான் இருக்கிறது: ஓர் ஒப்படைப்புக்கு உண்மையில் எத்தனை நாள் ஆனது என்ற எண் கையில் இருக்கும்போது, அடுத்ததற்கு ஒதுக்க வேண்டிய காலத்தை விருப்பத்திலிருந்து எடுக்க வேண்டியதில்லை.

என் பக்கத்தைத் திருத்தி எழுதியபோது அது பாதியாகச் சுருங்கியது. எனக்கு இரண்டாயிரம் சொல் கட்டுரை ஒன்றுக்குப் பதினொரு நாள் பிடிக்கிறது, நான் எப்போதும் ஒதுக்குவது ஐந்து என்பது அதில் புதிதாகச் சேர்ந்த ஒரு வரி. புள்ளியியலை அந்தப் பதினொரு வாரங்களும் ஏன் தள்ளிப்போட்டேன் என்பதற்கு எந்தக் காகிதத்திலும் விடை கிடைக்கவில்லை. சோம்பல் என்று எழுதிவிட்டு அடித்தேன், பயம் என்று எழுதிவிட்டு அதையும் அடித்தேன். அந்த இடம் இப்போதைக்கு வெற்றாக இருக்கிறது.