சோதித்தறிந்து, பிறகு புசித்து

எங்கள் ஊர்க் கோயிலில் மாதத்துக்கு ஒரு ஞாயிறுதான் நற்கருணை, அதாவது அப்பமும் பாத்திரமும் பகிரும் பந்தி. சேகரத்து ஐயர், அதாவது போதகர், பல ஊர்களைச் சுற்றிவர வேண்டும் என்பதால் எங்கள் முறை அப்படி. முந்தின நாள் சனிக்கிழமை மாலையில் ஆயத்த ஆராதனை நடக்கும். உபதேசியார், பவுல் எழுதிய 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தை நிறுத்தி நிதானமாக வாசிப்பார். என் பெரியம்மா அந்த ஆராதனைக்கு ஒரு மாதமும் தவறியதில்லை. ஆனால் ஞாயிறு காலையில் பந்திக்கு மட்டும் எழுந்து போகமாட்டார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பெஞ்சிலேயே தலைகுனிந்து இருப்பார். வரப்பில் நின்ற ஒரு பனைமரத்தை முன்னிட்டு அவருக்கும் அவருடைய மதினிக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. மனதில் கசப்பை வைத்துக்கொண்டு எப்படிக் கையை நீட்டுவது என்று கேட்பார். பதினோரு வருடம் இப்படியே போயிற்று. ஊரில் அதைப் பயபக்தி என்றார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

தன்னைச் சோதித்தறிவதில் நம்மவர்கள் செய்யும் தவறுகளில் இதை முதலில் வைப்பேன். சோதனையின் முடிவில் பந்தியை விட்டு விலகி இருப்பதுதான் தாழ்மை என்று எண்ணிக்கொள்கிறோம். பவுல் எழுதியதை முழுவதும் வாசித்துப் பாருங்கள்: "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்." சோதித்தறிந்து என்பது எச்சம். வாக்கியம் அதோடு முடியவில்லை, புசித்துப் பானம்பண்ணுவதில்தான் முடிகிறது. நாம் எச்சத்தைப் பிடித்துக்கொண்டு முற்றை விட்டுவிட்டோம்.

முந்தின வசனத்தில் வரும் 'அபாத்திரமாய்', அதாவது தகாதவிதமாய், என்ற சொல்லும் இப்படித்தான் தவறாகக் காதில் விழுகிறது. அபாத்திரமாய்ப் புசிப்பது என்பது புசிக்கும் விதத்தைப் பற்றியது. அபாத்திரன் புசிக்கக்கூடாது என்று அங்கே எழுதியிருக்கவில்லை. அப்படி எழுதியிருந்தால் முதலில் ஐயர்தான் வெளியே போக வேண்டியிருக்கும். கொரிந்துவில் நடந்தது என்ன? வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுவிட்டார்கள்; இல்லாதவர்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான் என்று பவுல் கொதிக்கிறார். பலவீனம், வியாதி என்று அவர் எச்சரிப்பதும் அந்தக் கொதிப்பின் தொடர்ச்சியே. அதிகாரத்தின் கடைசியில் அவர் சொல்லும் பரிகாரமோ எவ்வளவு எளியது! "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்." ஆக, அந்தச் சோதனையின் முதல் கேள்வி என் மனம் எத்தனை சுத்தம் என்பதில்லை. என் பக்கத்தில் இருப்பவர் சாப்பிட்டாரா, நான் யாரைத் தள்ளிவிட்டு முன்னே வந்தேன் என்பதே.

பெரியம்மாவுக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. மத்தேயு 5இல் இயேசு சொன்னது அவருக்கு மனப்பாடம்: பலிபீடத்தின் முன் உன் காணிக்கையை வைத்துவிட்டுப் போய், உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து செலுத்து. அதில் நான்கு வினைகள் இருக்கின்றன. வைப்பது, போவது, ஒப்புரவாவது, திரும்பி வருவது. பெரியம்மா முதலாவதை மட்டும் பதினோரு வருடம் செய்துகொண்டிருந்தார். மதினி வீடு நான்கு வீடு தள்ளித்தான் இருந்தது.

இனிச் சொல்லப்போகும் தவறுகளில் பலவும் இந்தப் பாதிவழி நிற்றலின் வேறு வேறு உருவங்களே.

ஒன்று, எடுத்த எடுப்பிலேயே குற்றப்பட்டியலைத் திறப்பது. இரவு முழங்காலில் நின்றதும் 'இன்று என்ன தப்பு செய்தேன்' என்று கேட்டுக்கொள்கிறோம். இனிகோ என்ற பாஸ்க் நாட்டுப் போர்வீரர், பின்னாளில் லொயோலா இஞ்ஞாசியார், 1548இல் அச்சான தம் தியானக் கையேட்டில் தினசரி ஆத்தும சோதனைக்கு ஐந்து படிகள் வகுத்தார். முதல் படி, பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வது. இரண்டாவது, பாவங்களை அறியவும் விலக்கவும் அருள் கேட்பது. மூன்றாவதில்தான் அன்றைய கணக்கு வருகிறது. பிறகு மன்னிப்புக் கேட்பதும், திருந்தத் தீர்மானிப்பதும். இந்த வரிசை அலங்காரத்துக்காக வைத்ததன்று. காலையில் யாரோ நமக்காகப் பஸ்ஸில் இடம் விட்டார்கள், மனைவி சலிப்பில்லாமல் இரண்டாம் முறை காப்பி போட்டார் என்பதையெல்லாம் எண்ணிப் பார்த்த பிறகு, மத்தியானம் அதே மனைவியிடம் எரிந்து விழுந்தது தானாகவே கண்முன் வந்து நிற்கும். தேடித் துருவ வேண்டிய வேலை பாதி குறைந்துவிடும். சீர்திருத்த சபைக்காரர்கள் இதைக் கத்தோலிக்கப் பழக்கம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. 139ஆம் சங்கீதமும் இதே வரிசையில்தான் போகிறது. "என்னை ஆராய்ந்து" என்ற வேண்டுதல் கடைசி இரண்டு வசனங்களில் வருகிறது. அதற்கு முன் இருபத்திரண்டு வசனம் தேவன் தன்னை எவ்வளவு அறிந்திருக்கிறார், எப்படி உருவாக்கினார் என்பதிலேயே பெரும்பாலும் போகிறது. ஆராய்கிறவர் யார் என்பதும் அங்கே தெளிவு. விளக்கு அவர் கையில் இருக்கிறது.

இன்னொன்று, மொத்தமாக அறிக்கையிடுவது. "ஆண்டவரே, நான் மகா பாவி, அழுக்கான கந்தை" என்று உருக்கமாகச் சொல்கிறோம். பக்கத்தில் நிற்பவருக்குக் கண்ணீரே வந்துவிடும். ஆனால் நேற்று வீட்டுவேலை செய்யும் அம்மாவின் சம்பளத்தில் ஒருநாள் கூலியைப் பிடித்துக்கொண்டேன் என்று சொல்ல வாய் வராது. மகா பாவி என்பது சபையில் யாரும் ஆட்சேபிக்காத பட்டம். பிடித்த கூலியோ திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். பொத்தாம்பொதுவான அறிக்கை ஒரு நல்ல மறைவிடம். பழைய மிஷனரிகள் இதை அறிந்திருந்தார்கள் போலும். தமிழில் முதல் அச்சுநூல்கள் வெளிவந்த அந்தச் சில ஆண்டுகளிலேயே, 1580இல், முத்துக்குளித்துறைக் கிறிஸ்தவர்களுக்காகப் பாவசங்கீர்த்தன (குருவிடம் பாவங்களை அறிக்கையிடும்) வழிகாட்டி ஒன்றை யேசுசபைத் துறவி என்றிக்கே என்றிக்கஸ் கொச்சியில் அச்சிட்டுக் கொடுத்தார். தமிழ் எழுத்து அச்சேறிய வேகத்திலேயே, உன் பாவத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடு என்ற பாடமும் அச்சேறிவிட்டது.

செய்யாமல் விட்டவற்றைக் கணக்கில் சேர்க்காததும் இதோடு ஒட்டியது. ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்தின் பொது அறிக்கையில் செய்யத் தவறியவைதான் முதலில் வருகின்றன. செய்த தவறுகள் அடுத்துத்தான். நாங்கள் சிறுவயதில் அதை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடுவோம். வரிசையை யாரும் கவனித்ததாக நினைவில்லை.

இயேசு சொன்ன கதையில் ஆலயத்துக்கு ஜெபிக்க வந்த பரிசேயன் செய்த தவறு எல்லோருக்கும் தெரியும், ஆகவே சுருக்கமாக. அவன் சொன்ன விவரங்கள் பொய்யில்லை. வாரத்தில் இரண்டுதரம் உபவாசித்தான், தசமபாகம் கொடுத்தான். அளவுகோல்தான் பிழை. பக்கத்தில் நின்ற ஆயக்காரனை வைத்து அளந்தான். 'நான் அந்தப் பரிசேயனைப்போல் இல்லை' என்று நன்றி செலுத்துகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இதுவரை சொன்னவற்றில் பலவும் தன்னை லேசாக விட்டுவிடுகிறவர்களின் தவறுகள். மறுகோடியில் நிற்பவர்களைப் பற்றி நம் பிரசங்கங்களில் அதிகம் பேசுவதில்லை. ஆனால் வேதனை அங்கேதான் அதிகம். அறிக்கையிட்ட பாவத்தை மறுபடியும் அறிக்கையிடுவார்கள். சரியாகச் சொன்னேனா, உண்மையான மனஸ்தாபம் இருந்ததா, மறந்துபோன பாவம் ஏதேனும் உண்டா என்று திரும்பத் திரும்பக் கிண்டுவார்கள். மேலே சொன்ன இஞ்ஞாசியாரே 1522 வாக்கில் மன்ரேசா ஊரில் இந்த அவஸ்தையில் விழுந்தவர். ஏற்கெனவே சொல்லிவிட்ட பழைய பாவங்களையே மீண்டும் மீண்டும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னார்; உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட வந்தது. நிம்மதி வேண்டி ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தார்; பாவசங்கீர்த்தனம் கேட்ட குரு சாப்பிடச் சொல்லிக் கட்டளையிட வேண்டியதாயிற்று. கடைசியில், பழையவற்றை இனி அறிக்கையிடுவதில்லை என்ற தீர்மானத்தோடுதான் விடுதலை பெற்றார். 1505இல் எர்ஃபுர்ட் மடத்தில் சேர்ந்த மார்ட்டின் லூத்தரும் அப்படியே. மணிக்கணக்காக அறிக்கையிடுவார், முடித்துவிட்டுப் போனவர் இன்னொன்று நினைவுக்கு வந்ததென்று திரும்பி வருவார். பொம்மைப் பாவங்களைச் சுமந்துகொண்டு வராதே என்ற பொருள்பட அவருடைய ஆலோசகர் ஸ்டாவ்பிட்ஸ் கடிந்துகொண்டதை லூத்தரே பின்னாளில் நினைவுகூர்ந்தார். இருவருமே சோம்பலான மனச்சாட்சிக்காரர்கள் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். கூர்மையான மனச்சாட்சி தன்னையே அறுத்துக்கொள்ளும்.

இந்த நிலையில் இருப்பவரிடம் 'இன்னும் ஆழமாக உன்னைச் சோதித்துப் பார்' என்று சொல்வது, காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்துகிற வேலை. "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்" என்ற யோவானின் வசனம் இவர்களுக்கானது. சிலருக்கு இது ஆவிக்குரிய சிக்கல் மட்டுமாக இருப்பதில்லை. ஒரே எண்ணம் விடாமல் சுற்றி வருவது, அதைத் தணிக்கச் சடங்குபோல் ஜெபத்தைத் திரும்பச் சொல்வது, தூக்கம் கெடுவது என்றெல்லாம் இருந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். விசுவாசக் குறைவு என்று பெயர் வைத்துக் காலத்தைக் கடத்தாதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. உடனே வீட்டாரிடம் சொல்லி மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

தனியாகவே செய்வது அடுத்த தவறு. தாவீது சங்கீதக்காரன், தன் இருதயத்தை நன்கு அறிந்தவன் என்றுதான் நினைப்போம். உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு அவனைக் கொல்வித்த பிறகு, நாத்தான் தீர்க்கதரிசி வந்து ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லும்வரை அவனுக்கு உறைக்கவில்லை. கதையைக் கேட்டு அடுத்தவன்மேல் கோபப்பட்டானே! மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த காலத்தில் மணிக்கு மணி நாட்குறிப்பு எழுதி, தம் பக்தியின் நிலைக்கு எண்ணிட்டுப் பார்த்தவர். அந்த எண்கள் அவருக்குச் சமாதானம் தரவில்லை. 1738 மே 24 அன்று லண்டன் கூட்டம் ஒன்றில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முகவுரை வாசிக்கப்பட்டபோது அவர் உள்ளம் அனலடைந்தது. அதன்பின் அவர் தன்னைச் சோதித்தறிவதையே கைவிட்டுவிடவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் சிறுகுழுக்களுக்கு விதிகள் எழுதினார். வாரந்தோறும் கூடி, கடந்த கூட்டத்துக்குப் பின் அறிந்து செய்த பாவம் என்ன, எந்தப் பாவத்தூண்டுதலில் சிக்கினீர்கள், எப்படித் தப்பினீர்கள் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டும். தனி நாட்குறிப்பில் நடந்தது நாலு பேர் நடுவில் வந்து உட்கார்ந்தது.

நம் சபைகளில் இதற்கு ஒரு நடைமுறைத் தடை உண்டு. இங்கே ஜெபக்குறிப்பு என்று சொன்னது திங்கட்கிழமைக்குள் ஊர்ச் செய்தியாகிவிடும். 'அவருக்காக நன்றாக ஜெபியுங்கள்' என்ற முன்னுரையோடு வரும் புறணியைக் கேளாதவர் யார்? அதனால் ஆளைப் பார்த்துத்தான் மனதைத் திறக்க வேண்டும். ஒருவர் போதும். உங்களைப் பற்றி மற்றவர்களிடம் பேசாதவர், மற்றவர்களைப் பற்றி உங்களிடமும் பேசாதவராக இருப்பார். இந்த இரண்டாவது அடையாளத்தைத்தான் நம்மால் முன்கூட்டியே பார்க்க முடியும்.

டிசம்பர் 31 இரவோடு வருடக் கணக்கை முடித்துவிடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். முன்னூற்றைம்பது நாளின் மறதி அந்த ஒரு மணி நேரத்தில் விலகிவிடாது. அதற்குள் புது வருடத்துக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையை எடுக்க வரிசை தொடங்கிவிடும்.

அழுவதோடு நின்றுவிடுவதும் உண்டு. ஆயக்காரர் தலைவனான சகேயு அழுததாக வேதத்தில் இல்லை. நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்துகிறேன் என்று கணக்குச் சொன்னதாகத்தான் இருக்கிறது. என் பெரியம்மா நிறைய அழுதவர். அவருடைய பதினோரு வருடம் எப்படி முடிந்தது என்றால், புதிதாக வந்த ஐயர் ஒருநாள் ஆயத்த ஆராதனையை முடித்துவிட்டு, பிரசங்கம் எதுவும் செய்யாமல், 'வாங்கம்மா, மதினி வீடுவரை நானும் வருகிறேன்' என்று செருப்பை மாட்டிக்கொண்டார். அங்கே என்ன பேசினார்கள் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. பனைமரம் மதினி பக்கமே நின்றது. மறுநாள் இருவரும் ஒரே பந்தியில் போகவில்லை. பெரியம்மா முதல் பந்தி, மதினி மூன்றாம் பந்தி.

எவ்வளவு நேரம் செய்வது என்று கேட்பவர்களுக்கு: எனக்குப் பத்து நிமிடம். அதற்குமேல் போனால் நான் பழையதைக் கிண்டுகிறேன் என்று அர்த்தம். இரவில் படுக்கையில் வைத்துக்கொள்கிறேன். நான்காம் சங்கீதத்தில் படுக்கை இரண்டு இடத்தில் வருகிறது. நான்காம் வசனத்தில், உங்கள் படுக்கையிலே உங்கள் இருதயத்தில் பேசிக்கொண்டு அமர்ந்திருங்கள் என்று. எட்டாம் வசனத்தில், சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரை செய்வேன் என்று. நான்காம் வசனத்திலேயே தூங்கிப்போன இரவுகள் எனக்கு நிறைய. அதற்காகத் தனியாக அறிக்கையிடுவதை நிறுத்திவிட்டேன்.