உற்றுநோக்கிய வகுப்பையும் தாமே எடுத்த வகுப்பையும் ஒப்பிடும் முறை

பி.எட். பயிலும் மாணவாசிரியர் பலர், பிற ஆசிரியர் எடுக்கும் வகுப்பைப் பார்த்து எழுதும் உற்றுநோக்கல் பதிவேட்டை ஒருபுறமும் கற்பித்தல் பயிற்சிப் பதிவேட்டை மறுபுறமும் எழுதி முடித்துக் கையொப்பம் பெற்றுவிடுகின்றனர். இரண்டையும் அருகருகே விரித்து வைத்துப் படிப்பவர் மிகச் சிலரே. இது பெரிய இழப்பு என்றே கருதுகிறேன். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் பள்ளிப் பயிற்சிக்கென 20 வாரங்களை ஒதுக்கி, முதலாண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16 எனப் பிரித்துள்ளன. வகுப்பைப் பார்ப்பதற்கும் தாமே எடுப்பதற்கும் இடையில் மாதங்கள் கடந்துவிடுவதால், பார்த்ததை ஒப்பிடத்தக்க வடிவில் அன்றே எழுதி வைப்பது இன்றியமையாதது.

'பாடம் நன்றாக இருந்தது, மாணவர்கள் ஆர்வத்துடன் கவனித்தனர்' என்ற வகைக் குறிப்பை எதனோடும் ஒப்பிட முடியாது. அமெரிக்கக் கல்வியியலாளர் பிளாண்டர்ஸ் வகுத்த இடைவினைப் பகுப்பாய்வு வகுப்பறைப் பேச்சைப் பத்து வகைகளாகப் பிரித்து மூன்று நொடிக்கு ஒரு முறை குறிக்கச் சொல்கிறது. தொடக்கநிலையில் அதை முழுமையாகச் செய்வது கடினம். மாறாக, கேட்கப்பட்ட கேள்வி, விடைக்காக ஆசிரியர் காத்திருந்த நேரம், விடை சொன்ன மாணவர் அமர்ந்திருந்த வரிசை ஆகிய மூன்றை மட்டும் குறித்தாலே போதும். தாம் வகுப்பெடுக்கும் நாளில் இதே மூன்றையும் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் சக மாணவாசிரியரைக் குறிக்கச் சொல்ல வேண்டும். பாடம் நடத்திக்கொண்டே தம்மைத் தாமே சரியாகக் கவனிப்பது எவராலும் ஆகாது.

பிச்சாவரத்து அலையாத்திக் காடு பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்வோம். அனுபவமுள்ள ஆசிரியர், "சேற்றுக்கு மேலே வேர் ஏன் நீட்டிக்கொண்டிருக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்கிறார், கடலோர ஊரான தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் மாணவன் தான் கண்டதைச் சொல்லத் தொடங்க, அதிலிருந்தே சேற்றில் காற்று குறைவு என்னும் கருத்துக்கு வகுப்பை அழைத்துச் செல்கிறார். மாணவாசிரியர் அதே கேள்வியைப் பாடக்குறிப்பில் எழுதியிருந்தும், ஒரு நொடிகூடப் பொறுக்காமல் விடையைத் தாமே சொல்லிவிடுகிறார். பாடக்குறிப்புகளை மட்டும் பார்த்தால் இவ்விரு வகுப்புகளுக்கும் வேறுபாடே தெரியாது. ஆசிரியர்கள் பொதுவாக ஒரு நொடியளவே காத்திருக்கின்றனர் என்பதையும், அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் விடைகள் நீளமாகவும் தெளிவாகவும் வருகின்றன என்பதையும் அமெரிக்கக் கல்வியியலாளர் மேரி பட் ரோ தம் ஆய்வுகளில் காட்டியுள்ளார்.

ஒப்பிடும் வகுப்புகள் ஒத்தவையாக இருப்பதும் முக்கியம். காலை முதல் பாடவேளையையும் மாலைக் கடைசிப் பாடவேளையையும் ஒப்பிடுவது நியாயமன்று. கடலூர் அரசுப் பள்ளியில் தமிழ்நாட்டுப் பாடநூலைக் கொண்டு நடந்த வகுப்பை, மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறிவிட்ட புதுச்சேரி அரசுப் பள்ளியில் தாம் எடுத்த வகுப்போடு ஒப்பிடுவோர், பாடநூல் வேறுபாட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும். புதியவர் ஒருவர் பின்னால் அமர்ந்தாலே பிள்ளைகள் அடங்கியிருப்பார்கள் என்பதால், உற்றுநோக்கலின் முதல் ஓரிரு நாள் குறிப்புகளை இதற்குப் பயன்படுத்தாதிருப்பது நல்லது.

ஒப்பீட்டில் மிகப் பெரிதாகத் தெரியும் ஒரே ஒரு வேறுபாட்டைத் தேர்ந்து, "என் வகுப்பு எப்படி இருந்தது?" என்று பொதுவாகக் கேட்காமல், "இந்தக் கேள்விக்குப் பின் நீங்கள் ஏன் காத்திருந்தீர்கள், ஐயா?" என்று, நீங்கள் உற்றுநோக்கிய வகுப்பை எடுத்த வழிகாட்டி ஆசிரியரிடம் கேளுங்கள். அவர் சொல்வதை அடுத்த பாடக்குறிப்பில் அந்தக் கேள்விக்கு நேரே எழுதிவைத்து, அதே வகுப்பில் மீண்டும் முயன்று பாருங்கள்.