எழுதுவோருக்கான இணையக் குழுவில் சேர்வது எப்படி? புதியவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

வேலை முடிந்து வீடு திரும்பி, இரவில் கிடைக்கும் சிறிது நேரத்தில் ஒரு சிறுகதையை எழுதி முடிக்கும் ஒருவருக்குக் கொழும்பில் அடுத்து எழும் கேள்வி, அதை யாரிடம் வாசிக்கக் கொடுப்பது என்பதே. வீட்டார் அன்பினால் நன்றாக இருக்கிறது என்பார்கள். பத்திரிகைக்கு அனுப்பினாலோ, பிரசுரமாகாத கதைக்குப் பெரும்பாலும் காரணம் சொல்லப்படுவதில்லை. இந்தக் குறையைத் தீர்க்கக்கூடியது, தாமும் எழுதிக்கொண்டிருக்கும் பத்துப் பதினைந்து பேர் ஒருவர் படைப்பை மற்றவர் வாசித்துக் கருத்துரைக்கும் சிறிய இணையக் குழு. அதைத் தேடிக் கண்டுபிடிப்பது முதல், கிடைத்த கருத்துகளைக் கொண்டு படைப்பைத் திருத்துவது வரையான படிகளை இங்கே விளக்குகிறேன்.

முதற்படி: தேவையைத் தெளிவாக்குதல்

ஊக்கம் தேடுபவருக்கும் திருத்தம் தேடுபவருக்கும் ஒரே குழு பொருந்துவதில்லை. நாள்தோறும் எழுதும் பழக்கம் வேண்டுமாயின், அன்றன்று எழுதியதை அறிவித்து ஒருவரையொருவர் உற்சாகப்படுத்தும் குழு போதும். கதையின் அமைப்பைச் சீர்செய்ய வேண்டுமாயின், முறைவைத்து வாசிக்கும் குழுவே தேவை.

இரண்டாம் படி: குழுவைக் கண்டறிதல்

முகநூலில் தேடினால் ஆயிரக்கணக்கானோர் உள்ள இலக்கியக் குழுமங்கள் கிடைக்கும். அவை அறிமுகத்துக்கு நல்லவை. ஆனால், அங்கே ஒரு கதைக்குக் கிடைப்பது பெரும்பாலும் விருப்பக்குறியும் 'அருமை' என்ற பாராட்டுமே ஆதலால், கருத்துரைக்காக அவற்றை நம்பியிருக்க வேண்டாம் என்பதே என் உறுதியான எண்ணம். நல்ல சிறு குழுக்களை ஆட்கள் வழியாகத் தேடுவதே சிறந்தது. 1942ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு வெள்ளவத்தையில் இயங்கிவரும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் இலக்கிய நிகழ்வுகளுக்குச் செல்லுங்கள். கவிதை எழுதுபவராயின், பௌர்ணமி தினக் கவியரங்குகளுக்குப் பெயர்பெற்ற வலம்புரி கவிதா வட்டத்தின் நிகழ்வுகளை விசாரித்துச் செல்லுங்கள். நிகழ்வு முடிந்து எல்லோரும் கதைத்துக்கொண்டு நிற்கும் வேளையில், "நான் புதிதாக எழுதுகிறேன், படைப்புகளை வாசித்துக் கருத்துச் சொல்லும் வட்ஸ்அப் குழு ஏதும் உங்களுக்குத் தெரியுமா, ஐயா?" என்று மூத்த எழுத்தாளர் ஒருவரிடம் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. எதுவும் அமையவில்லையாயின், அங்கே அறிமுகமான மூன்று நான்கு பேருடன் நீங்களே ஒரு குழுவைத் தொடங்கலாம். தொடக்கத்துக்கு அந்த எண்ணிக்கை தாராளமாகப் போதும்.

மூன்றாம் படி: சேரும் முன் ஆயத்தம்

வட்ஸ்அப் குழுவில் சேர்ந்ததும் உங்கள் தொலைபேசி எண் ஏனைய உறுப்பினர் அனைவருக்கும் தெரியவரும். இதனை முன்கூட்டியே அறிந்துகொள்வது, சிறப்பாகப் பெண்களுக்கு, அவசியம். சுயவிவரப் படத்தை உங்கள் தொடர்புப் பட்டியலில் உள்ளோர் மட்டும் பார்க்கும்படியும், உங்களைக் குழுக்களில் இணைக்கும் உரிமை அவர்களுக்கு மட்டுமே இருக்கும்படியும் தனியுரிமை அமைப்பில் மாற்றிவையுங்கள். எண்ணைக் காட்ட விரும்பாதவர்கள், அதை மறைக்க இடமளிக்கும் டெலிகிராமில் இயங்கும் குழுவைத் தேடலாம்.

இன்னொன்று எழுத்துரு. பழைய படைப்புகளைப் பாமினி என்னும் பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்து வைத்திருப்பவர்கள் அவற்றை அப்படியே ஒட்டினால், மற்றவர்களின் திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றியொன்றின் மூலம், எல்லாத் திரைகளிலும் தமிழாகவே தோன்றும் யூனிகோடு முறைக்கு மாற்றி, மேற்கோள் குறிகளும் கிரந்த எழுத்துகளும் சிதையாமல் வந்துள்ளனவா என்று ஒருமுறை வாசித்துச் சரிபாருங்கள்.

நான்காம் படி: முதலில் வாசகராக இருத்தல்

குழுவில் சேர்ந்த அன்றே உங்கள் கதையை இடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் மற்றவர்களின் படைப்புகளை வாசித்துக் கருத்துரையுங்கள். இந்தப் படியைத் தவிர்த்துவிடுபவர்களுக்குப் பெரும்பாலும் நல்ல கருத்துரை கிடைப்பதில்லை. ஏனெனில், தம் எழுத்தைக் கவனமாக வாசித்தவரின் எழுத்தையே மற்றவர்களும் கவனமாக வாசிக்கிறார்கள்.

கருத்துரைக்கும்போது தீர்ப்பு வழங்க வேண்டாம். வாசிக்கையில் உங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லுங்கள். "கதை சலிப்பாக இருக்கிறது" என்பதைக் கொண்டு எழுதியவரால் எதையும் திருத்த முடியாது. "இரண்டாம் பக்கத்தில் பேருந்துப் பயணம் நீண்டபோது என் கவனம் விலகியது, அக்கா வீட்டுக் கதவு திறந்ததும் மீண்டும் உள்ளே வந்தேன்" என்று எழுதினால், எங்கே குறைக்க வேண்டும் என்பது அவருக்கே விளங்கிவிடும். பிறர் கதையில் இத்தகைய இடங்களைக் கண்டுபிடிக்கப் பழகிய கண், சில மாதங்களில் உங்கள் சொந்தக் கதையிலும் அவற்றைக் காணத் தொடங்கும். குழுவில் சேர்வதால் கிடைக்கும் மிகப் பெரிய பயன் இதுவே என்று நான் கருதுகிறேன்.

ஐந்தாம் படி: உங்கள் படைப்பைப் பகிர்தல்

வட்ஸ்அப்பில் நீண்ட கதையைத் துண்டு துண்டாக இடுவதைக் காட்டிலும், கூகிள் டொக்ஸில் ஏற்றி இணைப்பை அனுப்புவது நல்லது. பார்க்க மட்டும், கருத்திட, திருத்த என மூன்று வகை அனுமதிகள் அதில் உண்டு. கருத்திடும் அனுமதியை மட்டும் கொடுங்கள். அவ்வாறு செய்தால், வாசிப்பவர் உரிய வரியின் அருகிலேயே தம் கருத்தைக் குறிக்கலாம். உங்கள் மூலமும் மாறாதிருக்கும்.

இணைப்புடன் இரண்டு அல்லது மூன்று கேள்விகளையும் அனுப்புங்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்ற பதிலே வரும். "தந்தை ஏன் மௌனமாக இருக்கிறார் என்பது எந்த இடத்தில் உங்களுக்குப் புரிந்தது?", "முடிவை முன்கூட்டியே ஊகித்தீர்களா?" என்று கேளுங்கள்.

ஆறாம் படி: கருத்துரையை ஏற்றல்

முதல் நாளில் நன்றி மட்டும் சொல்லுங்கள். விளக்கம் கொடுக்கத் தொடங்கினால், அடுத்த கதைக்கு வாய்திறக்கவே மற்றவர்கள் தயங்குவார்கள். சில நாள்கள் கழித்து எல்லாக் கருத்துகளையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். மூவர் ஒரே இடத்தைச் சுட்டியிருந்தால், அவர்கள் கூறும் தீர்வுகள் வேறுபட்டாலும், அந்த இடத்தில் குறை இருப்பது பெரும்பாலும் உறுதி; தீர்வை நீங்களே தேடுங்கள்.

நம்மவர் குழுக்களில் யாழ்ப்பாணத்தவர், மட்டக்களப்பார், மலையகத்தவர், முஸ்லிம்கள், தமிழ்நாட்டு நண்பர்கள் எனப் பலரும் இருப்பர். உங்கள் பாத்திரங்களின் பேச்சுவழக்கு விளங்கவில்லை என்று ஒருவர் சொன்னால், அதைப் பொதுவழக்குக்கு மாற்ற அவசரப்படாதீர்கள். தோட்டத்து லயத்தில் வாழும் ஒரு மூதாட்டி, சென்னை வாசகருக்காகத் தன் பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை; சூழலிலிருந்து பொருள் புரியும்படி அடுத்த வரியை அமைத்தால் போதும். ஆனால், அதே வழக்கைப் பேசும் ஒருவர் "எங்கள் ஆட்கள் இப்படிச் சொல்வதில்லை" என்றால், உடனே கவனியுங்கள்.

நேரலைச் சந்திப்புகள்

சில குழுக்கள் சூமில் கூடிப் படைப்புகளை வாசிக்கும். புலம்பெயர்ந்த உறுப்பினர்கள் இருப்பின், கொழும்பில் ஞாயிறு இரவு 8 மணி வசதியான நேரம். குளிர்காலத்தில் அப்போது இலண்டனில் பிற்பகல் 2.30, ரொறன்ரோவில் காலை 9.30, கோடையில் முறையே பிற்பகல் 3.30, காலை 10.30. மார்ச்சிலும் ஒக்டோபர் இறுதியிலும் பிரித்தானியாவும் கனடாவும் வெவ்வேறு வாரங்களில் கடிகாரத்தை மாற்றுவதால், அந்நாள்களில் நேரத்தை மீண்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

உரிமையும் பிரசுரமும்

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, படைப்பு உருவானதுமே பதிப்புரிமை உங்களுடையதாகிறது; பதிவு தேவையில்லை. ஆகவே, கதை திருடப்படும் என்று அஞ்சி ஒதுங்கியிருக்க வேண்டாம். எனினும், பொதுவெளியில் இட்ட படைப்பை ஏற்கெனவே பிரசுரமானதாகக் கருதும் இதழ்களும் போட்டிகளும் உள்ளமையால், மூடிய குழுவில் மட்டும் பகிருங்கள். வீரகேசரி வாரவெளியீட்டுக்கோ தினகரன் வாரமஞ்சரிக்கோ அனுப்ப எண்ணியுள்ள கதையாயின், திருத்தங்கள் முடிந்ததும் பகிர்வு இணைப்பை முடக்கி, குறிப்புகள் அனைத்தும் நீக்கப்பட்ட புதிய பிரதியொன்றை யூனிகோடில் ஆயத்தம் செய்து அனுப்புங்கள்.