எதிரணி கூடை போட்டதும் எண்ட்லைனுக்குப் பின்னால் ஓடுங்கள்

கூடைப்பந்தில் எதிரணி கூடை போட்டுவிட்டு முழு மைதானத்திலும் பிரஸ் செய்தால், அதாவது நெருங்கி நின்று மறித்தால், பந்தை உள்ளே எறிபவர் ஒரே இடத்தில் நிற்க வேண்டாம். பந்துடன் எண்ட்லைனுக்கு (கூடைக்குப் பின்னால் இருக்கும் எல்லைக்கோடு) பின்னால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடலாம். உங்கள் அணியின் இன்னொருவரும் கோட்டுக்கு வெளியே வந்து நின்றால் அவருக்கே பந்தைக் கொடுக்கலாம்.

கூடை விழுந்த பிறகு எறிதல் எண்ட்லைனின் எந்த இடத்திலிருந்தும் நடக்கலாம் என்பதே ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பு) விதி. கோட்டுக்கு வெளியே டிராவலிங் (பந்தைத் தட்டாமல் அதிக எட்டு வைக்கும் தவறு) கிடையாது. முன்னால் கையை விரித்து மறிப்பவரைப் பக்கவாட்டில் நாலு எட்டு இழுத்தாலே பாஸ் கொடுக்க வழி திறந்துவிடும். பந்து வெளியே கைமாறினாலும் பந்தை உள்ளே எறிவதற்கான 5 விநாடிக் கணக்கு புதிதாகத் தொடங்காது, அதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஃபவுல், டிராவலிங், பந்து வெளியே போனது போன்றவற்றுக்குப் பின் நடுவர் இடத்தைக் காட்டிப் பந்தைக் கையில் கொடுத்தால் இது செல்லாது. அப்போது பக்கவாட்டில் மொத்தம் 1 மீட்டர்தான். பின்னால் எவ்வளவு வேண்டுமானாலும் நகரலாம். கூடைக்குப் பின் டைம் அவுட் எடுத்திருந்தால் குழப்பம் வரும். எண்ட்லைனிலிருந்தே எறிவதானால் ஓடும் உரிமை அப்படியேதான் இருக்கிறது. வார இறுதி லீக்குகளில் இதற்குச் சில நடுவர்கள் பழக்கத்தில் விசில் ஊதிவிடுவார்கள். பந்தை வாங்கும் முன்பே "சார், ஓடலாமா?" என்று கேட்டுவிடுங்கள், விசிலுக்குப் பிறகு வாதாடிப் பயனில்லை.